துரையின் பை

எஸ்டேட் துரையின் பழைய டீசல் ஜீப் காலையிலிருந்து ஸ்டார்ட் ஆகவில்லை. மெக்கானிக் பேட்டரியை மாற்றினார், டீசல் குழாயைக் கழற்றி ஊதினார். இன்ஜின் சுற்றியதே தவிர பிடிக்கவில்லை.

ஜீப் கழுவும் பேச்சிக்கனி, "நான் பாக்கட்டுங்களா?" என்றாள்.

"பானட்டைத் திறக்காம ஸ்டார்ட் பண்ணு. முடியலேன்னா எஸ்டேட் குடுத்த லயத்து வீட்டைக் காலி பண்ணணும்" என்றார் ஜீப்பில் உட்கார்ந்திருந்த துரை.

"சரிங்க. உங்க பையை எடுத்துக்கிட்டு இறங்குங்க."

துரை முறைத்தபடி பையுடன் இறங்கினார். டாஷ்போர்டில் அந்தப் பை தொங்கிக்கொண்டிருந்த குமிழைப் பேச்சிக்கனி உள்ளே தள்ளிவிட்டுச் சாவியைத் திருகினாள். ஜீப் உறுமியது. மெக்கானிக்கின் ஸ்பானர் கீழே விழுந்தது.

"இந்தக் குமிழை இழுத்தா டீசல் நின்னுடும் துரை. உங்க பை இழுத்துக்கிட்டே இருந்துச்சு."

துரை கையிலிருந்த பையைப் பார்த்தார்.

"போன வாரம் இதைச் சொல்ல வந்த டிரைவரை எதிர்த்துப் பேசுறான்னு துரத்துனீங்களே, அவரைக் கூப்பிடட்டுங்களா?"