அலவி விழுங்கிய பற்கள்

அந்தக் காலத்தில், நீருக்கும் கரைக்கும் ஒரே பேச்சு இருந்த நாள்களில், ஒரு சித்திரை மாதம். உச்சிப் பொழுதுக்கு இன்னும் இரண்டு நாழிகை இருந்தது. வானத்தில் பஞ்சளவு மேகமும் இல்லை. மேல்காற்று அனலாய் வீசி, மருத மரங்களின் பழுத்த இலைகளை மடுவில் கொட்டிக்கொண்டிருந்தது. ஏரி முழுவதும் வற்றி, அந்த ஒரு மடு மட்டுமே மிஞ்சியிருந்தது. அதன் ஓரத்தில் அலவி என்ற நண்டு தன் வயிற்று மடலைத் திறந்து குஞ்சுகளைப் பார்த்தாள். விடியலில் கால்களை உதைத்துக்கொண்டிருந்தவை இப்போது அசையவில்லை. தொட்டுப் பார்த்தாள். உயிர் இருந்தது; பசிக் கிறக்கம்.

மீன்குஞ்சுகள் தீர்ந்து நாளாகிவிட்டது. புழுக்கள் சேற்றின் ஆழத்துக்கு இறங்கிவிட்டன. மடுவில் குறைவின்றிக் கிடந்தது இலை ஒன்றுதான்.

அந்நாளில் நண்டுகளுக்குப் பல் வாயில் இருந்தது, பேச்சும் இருந்தது. அலவியின் பேச்சுக்கு ஏரியே மயங்கும். ஏரி நிறைந்து தளும்பிய ஆண்டுகளில், பொழுது சாயும் நேரம் அவள் கரையோரக் கல்லில் ஏறி அமர்வாள். தவளைகள் கத்துவதை நிறுத்தும். கெண்டைகள் வாலை அடக்கிக்கொண்டு கூடும். முதல் மழைக்கு முன் மண் என்ன நினைக்கும், தாமரைத் தண்டுக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று அவள் சொல்லச் சொல்ல, கொட்டிலுக்குத் திரும்ப வேண்டிய எருமைகளும் நீரைவிட்டு எழ மறந்திருக்கும்.

அந்த மாலைகளை நினைத்தபடியே அலவி ஓர் இலையைக் கடித்தாள், மென்றாள், விழுங்கினாள். சற்று நேரத்தில் அது போனபடியே வெளியே வந்தது.

“மதினி, இலை உள்ளே போய் ஊர் சுத்திப் பார்த்துட்டு வந்திருக்கு போல,” என்றான் நந்து என்ற நத்தை. அவன் கல்லில் படிந்த பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

“சிரிடா, சிரி. உன் பாசியும் காயத்தான் போகுது.”

அப்போது மேதி என்ற எருமை மடுவில் இறங்கினாள். அவள் வாய் ஓயாமல் அசைபோட்டுக்கொண்டிருந்தது.

“மேதியக்கா, காய்ஞ்ச வைக்கோல் உனக்கு மட்டும் எப்படிக்கா செரிக்குது?”

“எனக்கெங்கேடி செரிக்குது? வயித்துல ஒரு கூட்டம் குடியிருக்கு. கண்ணுக்குத் தெரியாத பயலுக. மென்னு உள்ளே தள்ளுறது நான், கரைக்கிறது அவனுக. இடம் என்னுது, சமையல் அவனுகளுது.”

“அதுல கொஞ்சம் பேரை எனக்கு அனுப்பேன். பிள்ளைங்க துவண்டு கிடக்குதுங்க.”

மேதி வயிற்றிலிருந்ததை மேலே வரவழைத்து, ஒரு வாய் நுரையை நீரின்மேல் விட்டாள். நுரைக்குள்ளிருந்து மெல்லிய குரல் ஒன்று கேட்டது. குடியிருப்போரின் தலைவனுடைய குரல் அது.

“இடம் நிலையானதுதானாம்மா?”

அலவிக்குப் பொய் வரவில்லை. “ஓடு கழட்டுறப்போ வயித்தோட உள்தோலும் சேர்ந்து கழண்டு போகும்.”

“அப்போ நாங்களும் சேர்ந்துல்ல வெளியே போவோம்? பிள்ளைகுட்டியோட எங்கே போய் நிக்கிறது? தோதுப்படாதும்மா.”

நுரை திரும்பியது. அலவி மடலைத் திறந்து குஞ்சுகளைக் காட்டினாள். நுரை நின்றது.

“குடிவர முடியாது,” என்றது குரல், சற்றுத் தணிந்து. “ஆனா இலையைக் கரைக்கிற சாறு சுரக்கிற பக்குவத்தைச் சொல்லித் தரலாம். உன் வயித்துல நீயே சுரந்துக்கலாம். ஒண்ணு மட்டும் சொல்றேன். இது வெளியே தெரிஞ்சா எருமை, பசு, கரையான் எல்லாம் தானே சுரந்துக்கும். அப்புறம் எங்களுக்கு எவன் இடம் குடுப்பான்?”

“யார்கிட்டயும் சொல்லமாட்டேன். சத்தியம்.”

நந்து சிரித்துவிட்டான். “ஆமை முட்டையிட்ட இடத்துக்கும் இப்படித்தான் சத்தியம் பண்ணுனீங்க மதினி. சாயங்காலமே அதைக் கதையாச் சொன்னீங்க. நரிக்கு விருந்தாச்சு.”

அலவி மேதியைப் பார்த்தாள். தனக்காக ஒரு சொல் சொல்லக்கூடியவள் அவள்தான் என்று எண்ணினாள். மேதி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். இத்தனை காலம் தன் கதைகளை ஆசையாய்க் கேட்டிருந்தவர்களில் ஒருவரும் தன்னை நம்பியதில்லை என்பது அலவிக்கு அப்போதுதான் விளங்கியது. அவர்கள் மேல் கோபம் வரவில்லை.

“நிஜந்தான். பல் இருக்கிறவரைக்கும் என் வாய் நிக்காது,” என்றாள்.

பிறகு குஞ்சுகளிடம் குனிந்தாள். “கண்ணுங்களா, ஏரி நிறைஞ்சு கிடந்தப்போ, சாயங்கால வெயில்ல இந்தத் தண்ணி...” என்று தொடங்கினாள். ஒரு குஞ்சின் கால் பிடி நழுவியது. அலவி அதைக் கொடுக்கால் தாங்கி உள்ளே சேர்த்தாள். கதையை அவள் முடிக்கவில்லை.

“வேணாம்டி!” என்று மேதி கத்துவதற்குள், கொடுக்கால் தன் பற்களைப் பிடுங்கி விழுங்கிவிட்டாள்.

நுரை அருகில் வந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி பக்குவத்தைச் சொல்லிவிட்டு, மேதியின் வாய்க்குத் திரும்பியது. அலவியின் வயிற்றில் மஞ்சளும் பழுப்புமாய் ஒரு சாறு ஊறியது. விழுங்கிய பற்கள் இரைப்பையின் சுவரில் வேர் பிடித்தன. அவள் இலையைக் கிழித்து உள்ளே தள்ளினாள். பற்கள் அரைத்தன, சாறு கரைத்தது. அந்தக் கூழைத் திரும்ப மேலே கொணர்ந்து, குஞ்சுகளுக்கு ஒவ்வொன்றாய் ஊட்டினாள். மாலைக்குள் அவை கால்களை உதைக்கத் தொடங்கின. தாயின் சாறு கலந்த கூழை உண்டதால் அவற்றுக்கும் பல் வயிற்றிலேயே முளைத்தது.

மறுநாள் காலை மேதி மேய்ச்சலுக்குப் போகாமல் மடுவுக்கு வந்து, “ஏதாவது பேசேன்டி,” என்று கேட்டுக்கொண்டு வெயில் ஏறும்வரை நின்றாள். நந்து தன் கல்லைவிட்டு இறங்கி, அலவிக்குப் பக்கத்தில் வந்து ஓட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டான். அலவி இருவரையும் பார்த்து வாயைத் திறந்தாள்; நுரை வந்தது. அதைத் துடைத்துவிட்டு, அடுத்த இலையை எடுத்தாள். குஞ்சுகள் மடலுக்குள்ளிருந்து முதன்முறையாக வெளியே வந்து ஆளுக்கொரு சருகைப் பற்றிக்கொண்டன. தாயின் வயிற்றுக்குள் பற்கள் அரைக்கும் ஓசையைத்தான் அவை அவளுடைய குரல் என்று நினைத்தன.

அந்தச் சித்திரையிலிருந்துதான் நண்டுக்குப் பல் வயிற்றுக்குள் இருக்கிறது. இலையையும் சருகையும் கரைக்கும் சாற்றை அது தானே சுரந்துகொள்கிறது. எவ்வளவு கேட்டாலும் அதன் வாயிலிருந்து நுரையைத் தவிர வேறெதுவும் வருவதில்லை.