தேடப் போனவள்

ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஒரு மடம் இருந்தது. வாகீசர் என்பவர் அங்கே குருவாக இருந்தார். தாடி இன்னும் நரைக்காத மனிதர். அதிகம் பேசமாட்டார்.

அவருடைய சீடர்களில் ஒருத்தி தில்லை. கழிமுகத்து அலையாத்திக் காட்டில், தில்லை மரங்களுக்கு நடுவே கைக்குழந்தையாகக் கிடந்தவள். தேனெடுக்கும் ஒருத்தி தூக்கி வளர்த்து அந்தப் பெயரை வைத்தாள். யார் பெற்ற பிள்ளை என்று எவருக்கும் தெரியாது. வளர்த்தவள் போய்ச் சேர்ந்த பிறகும் தில்லை காட்டைவிட்டு வரவில்லை. ஊர்க்காரர்களின் தோணியைக் கண்டால் வேர்களுக்குள் புகுந்து மறைந்துவிடுவாள். மடத்துக்கு மட்டும் காலையில் வந்து, எல்லோருக்கும் பின்னால் உட்காருவாள்.

ஊர்த்தலைவர் அம்பலவாணரின் மருமகன் மருதப்பன். வானம் பார்த்த பூமியிலிருந்து வந்தவன். ஒருநாள் காட்டுக்குள் விறகு வெட்ட வந்தான். தில்லை மரத்தில் அரிவாளை ஓங்கியவனை அவள் கூச்சல் போட்டு, சேற்றை வாரி அடித்து விரட்டினாள். அவன் திட்டிக்கொண்டே போனதை மீன் பிடிக்க வந்தவர்கள் பார்த்தார்கள்.

மறுநாள் அவன் மறுபடி போனான். திரும்பவில்லை. விடிந்தபோது அவனுடைய தோணி மட்டும் ஆளில்லாமல் துறையில் வந்து முட்டியது.

ஊர் மடத்து வாசலில் திரண்டது.

"அந்தக் காட்டுக்காரியை வெளியே அனுப்புங்க சாமி. என் மருமகனை என்ன பண்ணினாள்னு அவ சொல்லணும்" என்று அம்பலவாணர் கத்தினார்.

தில்லை உள்ளே சுவரோடு ஒட்டி நின்றாள்.

"ஐயா, என்னை எங்கேயாவது ஒளிச்சு வையுங்க."

"ஒளிச்சு வைக்கலாம்" என்றார் குரு. "அவனை யார் தேடுறது?"

"அவன் செத்துட்டான்னு சொல்றாங்களே."

"யார் பார்த்தா?"

அவள் வாசல் பக்கம் பார்த்தாள்.

"எனக்காக நீங்க ரெண்டு வார்த்தை பேசக் கூடாதா?"

"பேசுறேன். இன்னிக்கு அமாவாசை. நான் பேசி முடிக்கிறதுக்குள்ள காட்டுல தண்ணி ஏறிடும்."

தில்லை அவரைப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். வாழ்நாளில் முதல்முறையாக ஜனக்கூட்டத்தைப் பார்த்து நடந்தாள். கூட்டம் தன்னை அறியாமலே விலகியது. மருதப்பனின் மனைவி வடிவு அழுது ஓய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். தில்லை அவள் முன்னால் நின்றாள்.

"எழுந்திரு. உன் புருஷனைத் தேடலாம்."

"போகாதே வடிவு!" என்றார் அம்பலவாணர்.

"நீங்க கத்திக்கிட்டே இருங்கப்பா. நான் போறேன்" என்று வடிவு எழுந்துவிட்டாள்.

இரண்டு பெண்களும் ஒரு தோணியில் போனார்கள். பின்னாலேயே ஊர்த் தோணிகள் போயின. தில்லை ஒவ்வொரு ஓடையாக நுழைந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. தண்ணீர் ஏறத் தொடங்கியது. ஒரு திருப்பத்தில் சட்டென்று துடுப்பை நிறுத்தினாள்.

கரையில் ஒரு தில்லை மரம் வெட்டுப்பட்டு நின்றது. வெட்டுவாயில் பால் வழிந்து உறைந்திருந்தது.

"அடப்பாவி" என்றாள் தில்லை. "இதை வெட்டக் கூடாதுன்னுதான் முந்தாநேத்து அவ்வளவு கத்தினேன். இந்தப் பால் கண்ணுல பட்டா கண்ணு தெரியாது. தோணி எந்தப் பக்கம்னு தெரியாம உள்ளே நடந்திருக்கான். நீ கூப்பிடு."

"நான் எதுக்கு? நீதான் காட்டுக்காரி."

"என் குரலைக் கேட்டா பயந்து ஒளிஞ்சுக்குவான். நீ கூப்பிடு."

வடிவு தொண்டை கிழியக் கூப்பிட்டாள். காடு சும்மா இருந்தது. மறுபடி கூப்பிட்டாள். வேர்களுக்குள் எங்கிருந்தோ ஒரு முனகல் வந்தது.

தில்லை தண்ணீரில் குதித்தாள். மார்பளவு வெள்ளத்தில், ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மருதப்பன் நின்றான். இமைகள் வீங்கி மூடியிருந்தன. அவனைத் தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு வந்தாள். தோணியில் போட்டு, பானையிலிருந்த நல்ல தண்ணீரைக் கண்ணில் ஊற்றி ஊற்றிக் கழுவினாள்.

"யாரு வடிவா?" என்றான் அவன்.

"நான் இங்கே இருக்கேன். கழுவுறது தில்லை" என்றாள் வடிவு. தில்லையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

தோணிகளில் இருந்தவர்கள் துடுப்பைத் தூக்கி ஆர்ப்பரித்தார்கள். கொக்குகள் கூட்டமாக எழும்பிப் பறந்தன. அம்பலவாணர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "தப்பா நினைச்சுட்டோம் தாயி. உனக்கு என்ன வேணும், கேளு" என்றார்.

தில்லை நிமிர்ந்து நின்றாள். சேறும் தண்ணீரும் வழிந்தன.

"இனிமே காட்டுக்கு வர்றவங்க என்னைக் கூப்பிட்டுட்டு வாங்க. எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாதுன்னு நானே காட்டுறேன்."

சில நாட்களில் மருதப்பனுக்குப் பார்வை தெளிந்தது. காட்டோரம் நின்று, "தில்லை அக்கா!" என்று முதலில் கூப்பிட்டவன் அவன்தான்.

அதன்பிறகு ஒரு காலையில் தில்லை மடத்துக்கு வந்து, முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

"ஐயா, நான் அவனை ஒண்ணும் செய்யலைன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்லையா?"

"தெரியாது."

அவள் திகைத்துப்போனாள்.

"ஒருவேளை நான் செஞ்சிருந்தா?"

குரு சொன்னார்: "அப்பவும் தேடத்தானே அனுப்பியிருப்பேன்."