கற்பூரம் தின்ற பெட்டி

வெகுகாலத்துக்கு முன்னால் கோணாற்று நாட்டைச் சிங்கமராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. காலையில் ஒருவனுக்கு யானை பரிசளிப்பார், மாலையில் அதே யானையால் அவனை மிதிக்கச் சொல்வார். அப்பேர்ப்பட்ட மகராசன்.

அரண்மனைக் கற்பூரத்தைக் காத்துவந்தவன் சடையாண்டி. அவன் அப்பன் காலத்திலிருந்தே கற்பூரத்தை ஜாடியில் போட்டு, வாயை மெழுகால் அடைத்துவைப்பதுதான் வழக்கம். அதிகாரி திருமேனியப்பருக்கு அது பிடிக்கவில்லை. "உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரிந்தால் எவன் திருடுவான்?" என்று மூடி முழுக்கத் துளை போட்ட ஒரு சந்தனப்பெட்டியைச் செய்வித்து, ராஜாவிடம் பொன்னாடையும் வாங்கிக்கொண்டார். மூன்று மாதம் கழித்து நிறுத்துப் பார்த்தால் பாதிக் கற்பூரத்தைக் காணோம். பெட்டியைக் குறை சொன்னால் பொன்னாடை போய்விடுமே! சாவி சடையாண்டியின் இடுப்பில் இருந்தது. அவன்தான் திருடன் என்று சாதித்தார் அதிகாரி. பொழுது சாய்ந்ததும் சிரச்சேதம் என்று தீர்ப்பாயிற்று.

சடையாண்டியின் மனைவி உலகாயி சபைக்கு ஓடிவந்தாள். புருஷனைச் சிறையில் அடைத்த இரண்டு நாளாகப் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காதவள்.

"மகாராசா, திருடனை நான் புடிச்சுத் தாரேன். ஒரு கட்டி கற்பூரம், ஒரு பானை, மூடி, பிசைஞ்ச மாவு, ஈரத்துணி, கொஞ்சம் கங்கு. இது போதும்."

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிர். "பிடி பார்ப்போம்! பொழுது சாயும்வரை உன் புருஷன் தலை அவன் கழுத்தில்தான் இருக்கும்" என்று சிரித்தார். சபையும் சேர்ந்து சிரித்தது.

கற்பூரக் கட்டியைச் சபை முன்னால் தராசில் நிறுத்துப் பானையில் போட்டாள். மூடியைச் சுற்றி மாவால் அடைத்தாள், மேலே ஈரத்துணி போர்த்தினாள், சாம்பல் தூவிய கங்கின்மேல் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் இறக்கினாள்.

"திற!" என்றார் ராஜா.

"ஆறட்டும் மகாராசா. சூட்டோட திறந்தா அம்புட்டும் போயிரும்."

வெயில் தூணில் விரல்விரலாக இறங்கிக்கொண்டிருந்தது. திருமேனியப்பர் ஒரு காவலன் காதில் ஏதோ சொன்னார், அவன் வெளியே போனான். உலகாயி பார்த்தாள். ஆனால் அவள் உயிர் முழுக்கப் பானையில் இருந்தது.

கடைசியில் திறந்தாள். பானையின் அடியில் ஒன்றுமில்லை.

"பார்த்தீர்களா! கண்ணெதிரே களவு! குடும்பத்தொழில் போலிருக்கிறது" என்றார் திருமேனியப்பர்.

உலகாயி மூடியைத் திருப்பினாள். உப்புப் பூத்த சுவர்போல உட்புறமெல்லாம் வெள்ளை. சுரண்டி நிறுத்தாள். ஒரு குன்றிமணி எடைதான் குறைந்திருந்தது.

"கல்லா இருந்தது கண்ணுக்குத் தெரியாத ஆவியாச்சு, குளுந்ததும் மறுபடி கல்லாச்சு. அழிஞ்சு போகல. மெழுகு அடைச்ச ஜாடியில அது வெளியேற வழியில்ல. ஐயா பெட்டியில எத்தனை ஓட்டை! மூணு மாசமா அரமனை பூரா கமகமன்னு அடிச்சதே, அதுதான் காணாமப்போன கற்பூரம். இந்தச் சபையில மூச்சுவிட்ட அத்தனை பேரும் திருடங்கதான்."

ராஜா தொடையில் தட்டிச் சிரித்தார். "பலே! திருமேனியப்பரே, பொன்னாடையைக் கழற்றும். சடையாண்டியை அழைத்து வாருங்கள்!"

வெளியே போன காவலன் வாசலில் வந்து நின்றான். "அப்போதே முடித்தாயிற்று, மகாராஜா. தங்கள் உத்தரவு என்று அதிகாரி சொன்னாரே..."

தூணில் இன்னும் வெயில் இருந்தது.

திருமேனியப்பரை விலங்கிட்டு இழுத்துப் போனார்கள். ராஜா சிங்காசனத்திலிருந்து இறங்கி வந்தார். "அம்மா, உன் எடைக்கு எடை பொன் தருகிறேன்" என்றார் மெதுவாக.

உலகாயி அழவில்லை. "காத்தாப் போனதைக் கல்லாக்கிக் காட்டிட்டேன், மகாராசா. எம் புருஷனுக்கு எந்தப் பானைய வைக்கணும்? சொல்லுங்க. இப்பவே கங்கு மூட்டுறேன்."

அவளுக்குப் பதில் சொல்பவருக்குப் பாதி ராஜ்யம் என்று பறையறையச் சொன்னார் ராஜா. பறைகாரன் ஊர் ஊராகப் போனான். ஒருத்தரும் வரவில்லை.