பட்டன் தேயாத டயர்

ஆக்னஸுக்கு அநியாயம் நடந்தது. செய்தவர்கள் நான்கு பேர். நால்வரும் கையெழுத்துப் போட்டே செய்தார்கள்.

கோயம்புத்தூருக்கு வெளியே இருக்கும் ரேஸ் டிராக்கில், ஒரு பைக் கிளப்பின் டயர்களுக்கு ஆக்னஸ் பொறுப்பு. வயது இருபத்தேழு. கழற்றுவது, மாட்டுவது, காற்று வைப்பது, இது போதும் என்று சொல்வது எல்லாம் அவள் வேலை. சனிக்கிழமை காலை, பயிற்சி தொடங்கும் முன், ஒரு பின் டயரைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது முடிஞ்சுதுங்க. மாத்திரலாம்."

கிளப் செயலாளர் நாச்சிமுத்து குனிந்து பார்த்தார். டயரில் பட்டன், அதாவது ரப்பரில் வெட்டிய வரிப்பள்ளம், ஆழமாக இருந்தது. கறுப்பாக மினுங்கியது.

"அம்மிணி, கண்ணு நல்லாத் தெரியுதா? பட்டன் அப்படியே கெடக்குது. இன்னும் ரெண்டு ரேசுக்கு வரும்."

அந்த டயரில் போன பல் டாக்டர் தண்டபாணி மூன்றாவது வளைவில் சறுக்கி விழுந்தார். இடது கைச் சுண்டுவிரல் முறிந்தது. அவர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நாச்சிமுத்துவும் மற்ற மூன்று நிர்வாகிகளும் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் கிளப் போர்டில் ஏறியது. காற்றழுத்தம் தவறாக வைக்கப்பட்டதால் விபத்து. பொறுப்பாளர் ஆக்னஸ் இனி பைக்குகளைத் தயார் செய்யும் பிட்டுக்குள் வரக் கூடாது.

சொன்னவள் ஒருத்தி. கேட்காதவர்கள் அத்தனை பேர். தண்டனை சொன்னவளுக்கு. எந்த ஊர் நியாயம் இது?

தண்டபாணிக்கு வயது நாற்பத்தொன்பது. ஒரு வருஷமாக ஆக்னஸிடம் டயர் பாடம் கேட்கிறார். அவளைக் 'குருவே' என்றுதான் கூப்பிடுவார். முதலில் கிளப்பே சிரித்தது. அவர் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. அவர்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரேஸ். தன் கருவிப் பையை எடுத்துப்போக வந்த ஆக்னஸை வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். அவள் எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட விரலோடு தண்டபாணி வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"குருவே, ஒரே ஒரு கேள்வி."

"விரல் எப்படி இருக்கு?"

"அது கூடிரும். பட்டன் எத்தனை மில்லிமீட்டருக்கு வந்தா டயரை மாத்தணும்? ஒரு நம்பர் சொல்லுங்க. அதை வச்சுக்கிட்டு உள்ள போய் நான் சண்டை போடறேன்."

"ஒரு வருஷமா இதையேதான் கேக்கறீங்க."

"ஒரு வருஷமா நீங்க பதில் சொல்லலை."

ஆக்னஸ் டீயை ஆற்றினாள்.

"டாக்டர், செத்த பல்லை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"சில்லுன்னு எதையாவது வச்சுப் பார்ப்போம். உயிருள்ள பல்லு வெடுக்குனு கூசும்."

"செத்தது?"

"கம்முனு இருக்கும்."

"பார்வைக்கு?"

"சிலது முழுசா இருக்குங்க. சொத்தை, ஓட்டை ஒண்ணும் இருக்காது."

"எத்தனை மில்லிமீட்டர் இருக்கும்?"

"அதை அளந்தாத் தெரியாதுங்க" என்றார் தண்டபாணி.

ஆக்னஸ் கேட்டாள்: "நேத்து எத்தனையாவது சுத்துல பிடிமானம் வந்துச்சு?"

"முன்னெல்லாம் ரெண்டாவது சுத்துலயே ஒட்டிக்கும். நேத்து அஞ்சு சுத்து போயும் வரலீங்க. பின்னாடி நழுவிக்கிட்டே இருந்துச்சு."

"அப்ப என்ன நெனச்சீங்க?"

"எனக்கு வயசாயிருச்சுன்னு."

"டிராக்குல ஓடற டயரு ஒவ்வொரு தடவையும் கொதிக்குது, ஆறுது. கொதிச்சு ஆறி, கொதிச்சு ஆறி, இறுகிப்போகுது. தேயறதுக்கு முன்னாடியே செத்துருது. அஞ்சு சுத்தா அது உங்ககிட்டச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு. நீங்க உங்களையே திட்டிக்கிட்டு இருந்திருக்கீங்க."

தண்டபாணி தலை குனிந்தார்.

"நீங்க மாத்தச் சொன்னப்ப நானும்தான் கேக்கலை. கோவம் இல்லீங்களா?"

"இருக்கு. டீயைக் குடிச்சுட்டுக் கோவப்படறேன்."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"இன்னொண்ணு சொல்லணும், குருவே. பழியைத்தான் காத்து மேல போட்டாச்சே. டயரு நல்ல டயருன்னு ஆயிருச்சு. அதே சக்கரத்தைச் சம்யுக்தா பைக்குல மாட்டிட்டாங்க. பத்து மணிக்கு ரேஸ்."

சம்யுக்தா இருபது வயதுக் கல்லூரிப் பெண். வளைவுகளில் முழங்கால் தரையில் உரச உரசப் போகிறவள்.

ஆக்னஸ் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

கேட்டில் வாட்ச்மேன் கையை நீட்டினார். "விடக் கூடாதுன்னு உத்தரவும்மா."

"விடாதீங்கண்ணா. ஆனா மூணாவது வளைவுக்கு ஆம்புலன்ஸை இப்பவே அனுப்பிருங்க."

வாட்ச்மேன் கையை எடுத்தார்.

பிட்டில் பைக் ஸ்டாண்டில் ஏறி நின்றது. சம்யுக்தா கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள். நாச்சிமுத்து திரும்பிப் பார்த்தார்.

"போர்டைப் படிக்கலையா, அம்மிணி?"

"படிச்சேனுங்க. நான் எத்தனை காத்து வச்சேன்னு அதுல இல்லீங்களே."

"தப்பா வச்சேன்னு இருக்குதுல்ல?"

"சரி எத்தனைன்னும் இல்லீங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"வாதாடற நேரமா இது? இன்னும் அரை மணி நேரத்துல ரேசு. டயரைப் பாரு. நேத்து வாங்குனதாட்ட இருக்குது."

நாச்சிமுத்துவும் ஒரு காலத்தில் ரேஸ் ஓட்டிக் கோப்பை வாங்கியவர். இப்போதும் ஞாயிறுதோறும் டிராக்கில் இரண்டு சுற்றுப் போவார். அவருடைய ஹெல்மெட் பிட் அலமாரியிலேயே இருக்கும். ஆக்னஸ் அதை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள்.

"என்னது இது?"

"காத்துதான் தப்புன்னா, நீங்களே சரியா வைங்க. உங்க கையால, உங்க மீட்டரால. நான் தொடமாட்டேன். அப்புறம் ஒரே ஒரு சுத்து போயிட்டு வாங்க. மூணாவது வளைவுல நீங்க எப்பவும் சாயற மாதிரி சாஞ்சீங்கன்னாப் போதும்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதானுங்க."

நாச்சிமுத்து காற்று வைத்தார். மீட்டரை ஒரு முறைக்கு இரு முறை வைத்துப் பார்த்தார். எல்லோருக்கும் கேட்கும்படி அளவைப் படித்தார். ஸ்டாண்டிலிருந்து பைக்கை இறக்கச் சொன்னார். ஹெல்மெட்டைக் கையில் எடுத்தார்.

எடுத்தவர் மாட்டவில்லை.

டயரைப் பார்த்தார். குனிந்து கட்டைவிரல் நகத்தால் அழுத்தினார். நகம் வளைந்தது, ரப்பரில் தடம் விழவில்லை. கொஞ்சம் தள்ளி இன்னோர் இடத்தில் அழுத்தினார். அங்கேயும் இல்லை. நிமிர்ந்து டிராக்கைப் பார்த்தார். மூன்றாவது வளைவு அங்கிருந்தே தெரியும்.

ஆக்னஸோடு வந்திருந்த தண்டபாணி முன்னால் வந்தார்.

"ஏனுங்க, காத்து சரியாத்தானே இருக்குது?" என்றார் தண்டபாணி.

"இருக்குது."

"பட்டனும் இருக்குது."

"இருக்குது."

"அப்புறம் என்னங்க?"

"காலைல இருந்தே இடுப்பு ஒரு மாதிரியா இருக்குது" என்றார் நாச்சிமுத்து.

சம்யுக்தா கையுறையைக் கழற்றினாள்.

"அப்ப என் இடுப்பு போனாப் பரவாயில்லீங்களா, சார்?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நாச்சிமுத்து ஹெல்மெட்டைக் கீழே வைத்தார்.

"மாத்துங்க" என்றார்.

"யாரு மாத்தறதுங்க? குருதான் பிட்டுக்குள்ளயே வரக் கூடாதே" என்றார் தண்டபாணி.

நாச்சிமுத்து போர்டுக்கு நடந்தார். தாளைக் கிழித்தெடுத்து, மடித்து, சட்டைப் பையில் வைக்கப் போனார்.

"அது போதாதுங்க" என்றாள் ஆக்னஸ். "அந்த எடத்துல வேற ஒண்ணு எழுதுங்க."

"என்னத்தை எழுதறது?"

"நடந்ததை."

அவர் கையெழுத்துப் போட்ட மற்ற மூவரையும் பார்த்தார். மூவரும் தரையைப் பார்த்தார்கள். அவரே எழுதினார்: டயரை மாற்றச் சொன்னார் ஆக்னஸ். நாங்கள் கேட்கவில்லை. விபத்துக்கு அவர் பொறுப்பல்ல. நால்வரும் கையெழுத்துப் போட்டார்கள். முதல் நாள் போட்டதைவிடச் சின்னதாகப் போட்டார்கள்.

அதற்குள் ஆக்னஸ் புது டயர் மாட்டிய சக்கரத்தைப் பூட்டிவிட்டிருந்தாள். எழுந்து சம்யுக்தாவின் தோளைத் தட்டினாள்.

"ரெண்டு சுத்து பொறுமையாப் போ கண்ணு. புதுசு சூடேறணும். மூணாவது சுத்துல இருந்து அதுவே சொல்லும், நீ கேளு."

எட்டுச் சுற்று ரேஸ். சம்யுக்தா ஏழாவதாகக் கிளம்பினாள். இரண்டு சுற்றும் ஏழாவதாகவே போனாள். மூன்றாவது சுற்றில், மூன்றாவது வளைவில், மற்றவர்கள் வெளியே ஒதுங்கிய இடத்தில் அவள் உள்ளே சாய்ந்தாள். ஒருவரைத் தாண்டினாள். அடுத்த சுற்றில் அதே இடத்தில் இன்னொருவர். கடைசிச் சுற்றில் அவளுக்கு முன்னால் ஒரே ஒரு பைக் இருந்தது. வளைவு முடிந்தபோது அதுவும் இல்லை.

தண்டபாணி கட்டுப் போட்ட கையை மறந்து கை தட்டிவிட்டு, "ஐயோ" என்று உட்கார்ந்தார். வாட்ச்மேன் கேட்டை விட்டுவிட்டு ஓடி வந்து விசில் அடித்தார். சம்யுக்தா பிட்டுக்குள் வந்து இறங்கியதும் முதலில் கட்டிப்பிடித்தது ஆக்னஸைத்தான். கோப்பையை வாங்கி அவள் கையில் திணித்தாள். யாரோ ஆக்னஸின் பெயரைச் சொல்லிக் கத்த, பிட் முழுக்க அந்தப் பெயரைச் சொன்னது.

கூட்டம் கொஞ்சம் விலகியபோது நாச்சிமுத்து பைக்கின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். டயரின் ஓரமெல்லாம் பிய்ந்து, ரப்பர் உருண்டை உருண்டையாகத் திரண்டிருந்தது. அவர் விரலை வைத்தார். விரல் ஒட்டிக்கொண்டது.

"பாக்கவே கேவலமா இருக்குதே. இதையும் மாத்தணுமா?"

"வேண்டாங்க. இது உயிரோட இருக்கு."

அவர் விரலில் ஒட்டிய ரப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் எல்லோரும் கேட்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கேட்டார்.

"அப்ப எப்பத்தான் மாத்தணும், ஆக்னஸ்?"

தண்டபாணி பக்கத்தில் வந்து நின்றார்.

ஆக்னஸ் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"காலைல ஹெல்மெட்டை மாட்ட மனசில்லாம கையில வச்சுக்கிட்டு நின்னீங்களே, சார். அப்படி ஒருத்தரு நிக்கறதுக்கு ஒரு சுத்து முன்னாடி."