முடிச்சு தெரியாத குயிலும் வாசல் இல்லாத கூடும்

ஒரு காட்டில் பூங்காவனம் என்று ஒரு குயில் இருந்தாள். குயில்களுக்குக் கூடு கட்டத் தெரியாது. அது உங்களுக்கும் தெரிந்த விஷயம்தான். பாட்டில் கெட்டி, கட்டுவதில் பூஜ்யம். பூங்காவனத்தின் குடும்பத்தில் யாரும் ஒரு நார்த்துண்டைக்கூட வளைத்துப் பார்த்ததில்லை. காக்கையின் கூட்டில் முட்டையை வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்கள் போலப் பக்கத்து மரத்தில் உட்கார்ந்து பாடுவார்கள்.

பூங்காவனத்துக்கு அந்தப் பிழைப்பு பிடிக்கவில்லை. தான் இட்ட முட்டையின் மேல் தானே உட்கார வேண்டும், பொரிந்து வரும் குஞ்சு முதலில் தன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. அதற்கு ஒரு கூடு வேண்டுமே.

அந்த நேரம் பார்த்துத்தான் சித்திரவேல் என்ற தூக்கணாங்குருவி 'துண்டுக் கூடு' என்ற ஒன்றைக் கொண்டுவந்தான். தரை, சுவர், கூரை, வாசல் என்று தனித்தனித் துண்டுகளாக அவனுடைய ஆட்களே பின்னி வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு சுருக்கு முடிச்சு இருக்கும். அதிலிருந்து இரண்டு வால்கள் தொங்கும். ஒரு துண்டை இன்னொன்றில் செருகி ஒரு வாலை இழுத்தால் முடிச்சு இறுகும். மற்ற வாலை இழுத்தால் கழன்றுவிடும்.

"முடிச்சு போடத் தெரிய வேண்டாம். இழுக்கத் தெரிஞ்சா போதும்" என்று ஈச்ச மரத்து உச்சியிலிருந்து சித்திரவேல் அறிவித்தான்.

காடே திரண்டது. முதுகிலேயே வீடு இருக்கும் ஆமை, மாடி எடுக்கப் போகிறேன் என்று நான்கு துண்டுகள் வாங்கிப்போனது. வௌவால் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கட்டியதால் கூரை இருக்கவேண்டிய இடத்தில் தரை வந்துவிட்டது. வௌவாலுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. எருமை எதற்கு வந்தோம் என்று தெரியாமல் வரிசையில் நின்றது. வரிசை என்று ஒன்று இருந்தால் அதில் நின்றுவிடுவது அதன் சுபாவம்.

பூங்காவனம் மட்டும் விளையாட்டுக்கு வாங்கவில்லை. வாகை மரத்துக் கவட்டையில் முதலில் ஓர் அறை கட்டினாள். பிறகு அதை இரண்டாக்கினாள். தண்ணீர் வழிந்தோட ஓரத்தில் ஒரு சரிவு வைத்தாள். ஆடி மாதம் மேற்கிலிருந்து காற்று அடித்தால் வாலை இழுத்து வாசலைக் கழற்றிக் கிழக்கே மாட்டுவாள். ஐப்பசி பிறந்து வடகிழக்கிலிருந்து மழை வந்தால் மறுபடியும் கழற்றித் தெற்கே மாட்டுவாள். துண்டுக் கூட்டில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் பூங்காவனத்தைத்தான் கேட்டார்கள். சித்திரவேலின் ஆட்களே சில சமயம் அவளிடம் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

இவ்வளவும் செய்தாள், முட்டை மட்டும் இடவில்லை. "இன்னும் ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கு" என்று சொல்லிச் சொல்லியே இரண்டு வருஷம் ஓட்டிவிட்டாள். மூன்றாவது வருஷம்தான் மனம் திருப்திப்பட்டு இரண்டு முட்டைகள் இட்டாள். அன்று அவளுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பாடக்கூட மறந்துபோய் அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஆண் தூக்கணாங்குருவிக்கு ஒரு வழக்கம் உண்டு. கூட்டைப் பாதி கட்டிவிட்டுப் பெண் குருவி வந்து பார்க்கட்டும் என்று காத்திருக்கும். வந்தவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் பாதிக் கூட்டை அப்படியே போட்டுவிட்டு அடுத்ததை ஆரம்பித்துவிடும். சித்திரவேலின் ஈச்ச மரம் முழுக்கப் பாதிக் கூடுகள்தான். கூட்டுக்குள் இருப்பவர்களைப் பற்றி அவனுக்குக் கவலையே கிடையாது. இன்னும் வராதவர்களைப் பற்றித்தான் ஓயாத கவலை.

ஒரு நாள் காலையில் அவன் எல்லோரையும் கூட்டினான். துண்டுக் கூட்டின் வருங்காலத் திசையை அறிவிக்கப் போகிறானாம்.

சுருக்கு முடிச்சைப் பார்த்துப் புதியவர்கள் மிரளுகிறார்கள் என்றான். இனி முடிச்சும் இருக்காது, வாலும் இருக்காது, துண்டும் இருக்காது என்றான். இது 'சொன்னால் கூடு'. வேண்டியதை மைனாவிடம் வாயால் சொன்னால் போதும். மைனா அதை ஆட்களிடம் சொல்லும். ஆட்கள் வந்து கட்டி, களிமண் பூசி இறுக்கிவிடுவார்கள். ஏற்கெனவே இருக்கும் கூடுகளும் அப்படியே மாற்றப்படும். எல்லாவற்றிலும் மின்மினிப் பூச்சி விளக்கு உண்டு.

விளக்கு என்றதும் கூட்டம் ஆர்ப்பரித்தது. எருமை தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது. மின்மினிகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நம்ம கூட்டை யாரைவிடவும் நல்லாக் கையாளத் தெரிஞ்சவங்க பூங்காவனம். அவங்க கருத்தைச் சொல்லட்டும்" என்றான் சித்திரவேல்.

பூங்காவனத்துக்குப் பெருமை ஒரு பக்கம், வாசல் போய்விடுமே என்ற பயம் ஒரு பக்கம். தொண்டையைச் சரிசெய்துகொண்டு பேசினாள்.

"அண்ணே, நான் உங்க கூட்டுக்குள்ள இருந்து மூணு மழையைப் பாத்தவ. எனக்கு விளக்கு வேண்டாம். காத்து திரும்பினா வாசலையும் திருப்பியாகணும். அதுக்கு அந்த வால் வேணும். வர்றவங்க மிரளுறாங்கன்னு இருக்கிறவங்க கையைக் கட்டிப்போட்டா எப்படி? நீங்க போற திசையில முதல்ல நாங்க எங்க இருக்கோம்னு பாருங்க."

நியாயமான பேச்சுதான். கூட்டத்தின் கடைசியில் மருதாயி என்ற காக்கை உட்கார்ந்திருந்தாள். பூங்காவனத்துக்குப் பக்கத்து மரம். அவள் வீட்டைப் பார்த்தால் கூடா, காற்று அள்ளிக்கொண்டுவந்து போட்ட குப்பையா என்று சந்தேகம் வரும். ஆனால் குச்சி குச்சியாக அவளே அடுக்கியது.

"இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கே. அந்த முடிச்சு ஒண்ணைப் போடக் கத்துக்கிட்டா என்ன?" என்று மருதாயி கேட்டாள்.

"அதுக்குத்தானேக்கா இவங்க இருக்காங்க" என்றாள் பூங்காவனம். குப்பைக்குள் குடியிருப்பவள் தனக்கு யோசனை சொல்வதா என்று அவளுக்கு எரிச்சல்.

சித்திரவேல் அவளுடைய கருத்தை ஓர் அரசிலையில் கீறிவைத்தான். உங்கள் கருத்து எங்களுக்கு ரொம்ப முக்கியம் என்று இரண்டு முறை சொன்னான். கீறிய இலைகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் பொறுப்பு ஒரு மானிடம் இருந்தது. மான் அதைப் பத்திரமாகத் தின்றுவிட்டது. இதுவரை வந்த எல்லாக் கருத்துகளும் அந்த வயிற்றில்தான் இருந்தன.

மறுநாள் மைனா ஒவ்வொரு மரமாக வந்து ஆசைகளைக் கேட்டது. சொல்லாமல் விட முடியாது. ஆளுக்கு ஓர் ஆசை கட்டாயம். எருமை, கொசு கடிக்காமல் இருந்தால் தேவலை என்றது. பூங்காவனம் வேண்டா வெறுப்பாகச் சொன்னாள்:

"மழைத்தண்ணி உள்ளே வரக்கூடாது. வேற எதையும் தொடாதீங்க."

மைனாவுக்குச் சின்ன மூளை. முதல் பாதியை ஞாபகம் வைத்துக்கொண்டு பறந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து, நடுப்பகலில் பசி தாங்காமல் பூங்காவனம் அத்திப்பழம் தின்னப் போனாள். ஐந்து பழம் தின்றிருப்பாள். திரும்பி வந்தபோது கூடு பளபளவென்று இருந்தது. களிமண் பூசி, ஓரமெல்லாம் வழித்து, சுற்றிலும் மின்மினிகளை ஒட்டியிருந்தார்கள். பட்டப்பகலில் அவை கோபத்தோடு மினுக்கின.

வாசலைக் காணோம்.

ஒரு சுற்று சுற்றினாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். எந்தப் பக்கமும் வாசல் இல்லை, ஒரு வால்கூட வெளியே தொங்கவில்லை. மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க இதைவிட நல்ல வழி ஏது? முட்டைகள் இரண்டும் உள்ளே இருந்தன. காதை வைத்துக் கேட்டாள். டொக், டொக் என்று சத்தம். குஞ்சு முட்டையோட்டை உள்ளிருந்து கொத்தத் தொடங்கிவிட்டது.

அலகால் கொத்திப் பார்த்தாள். பழம் தின்கிற அலகு, களிமண்ணில் என்ன செய்யும்? பதறிக்கொண்டு ஈச்ச மரத்துக்குப் பறந்தாள். வழியில் எருமை நின்றுகொண்டிருந்தது. நான்கு காலிலும் நான்கு கூடு, வாலில் ஒன்று, இரண்டு காதிலும் இரண்டு. கொசு கடிக்கவில்லை, ஆனால் நடக்கவும் முடியவில்லை.

சித்திரவேல் உச்சாணிக் கிளையில் வேறு ஏதோ பின்னிக்கொண்டிருந்தான். கிளையே இல்லாமல் அந்தரத்தில் தொங்கும் கூடாம். பாதி முடித்திருந்தான்.

"அண்ணே, என் பிள்ளைங்க உள்ளே மாட்டிக்கிட்டாங்க. வாசலைத் திறந்துவிடுங்க" என்றாள்.

அவன் அவளை யோசனையோடு பார்த்தான். சொன்னால் கூடா, அது போன வாரத்து வேலை ஆயிற்றே என்றான். இப்போது அதை மைனாதான் பார்த்துக்கொள்கிறது என்றான்.

மைனா பக்கத்துக் கிளையிலேயே இருந்தது. அது நிதானமாகக் கேட்டது: "மழைத்தண்ணி உள்ளே வருதா?"

"வரல."

"அப்போ உங்க ஆசை நிறைவேறிடுச்சு."

பூங்காவனத்துக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவனோடும் அதனோடும் சண்டை போட நேரமில்லை. வானம் வேறு கருத்துக்கொண்டு வந்தது. நேராக மருதாயியிடம் போய் நின்றாள். நடந்ததைச் சொன்னாள்.

மருதாயி உடனே கூடவே பறந்து வந்தாள். கூட்டைத் தட்டிப் பார்த்தாள். காக்கை அலகு கெட்டியான அலகு, உடைத்துவிட முடியும். ஆனால் கட்டத் தெரிந்தவள் ஆகையால் எடுத்ததும் உடைக்கவில்லை.

"களிமண்ணுக்கு உள்ளே ஏதோ ஒரு முடிச்சுதான் எல்லாத்தையும் தாங்கிக்கிட்டு இருக்கு. எந்தப் பக்கம் உடைச்சா கூரை முட்டை மேல விழாது? சொல்லு, பூங்காவனம்."

காட்டுக்கே சந்தேகம் தீர்த்துவைத்தவள் அவள். வாசலை எட்டுத் திசையிலும் மாட்டத் தெரிந்தவள்.

"தெரியாதுக்கா" என்றாள்.

அதைச் சொல்லும்போது அவளுக்கு ஏற்பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சமில்லை. உள்ளே டொக் டொக் சத்தம் மெலிந்துகொண்டே வந்தது.

மருதாயி கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கத்தில் ஓங்கிக் கொத்தினாள். களிமண் பிளந்தது. உள்ளே தலையை நீட்டி ஒரு முட்டையை அலகால் பதமாகக் கவ்வி, தன் கூட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். கூரை அதற்குள் ஒரு விரல் அளவு இறங்கிவிட்டது. இரண்டாவது முட்டையை எடுத்துக்கொண்டு அவள் வெளியே வந்ததும், இரண்டு அறையும் சரிவும் மின்மினிகளுமாக மொத்தக் கூடும் அவிழ்ந்து கீழே போனது. மின்மினிகள் பிய்த்துக்கொண்டு பறந்தன.

மழை பிடித்துக்கொண்டது. மருதாயி தன் கூட்டில் உட்கார்ந்து முட்டைகளின் மேல் சிறகை விரித்தாள். அது ஓர் ஆள் உட்காரும் கூடு. இரண்டு பேருக்கு இடமில்லை. பூங்காவனம் பக்கத்துக் கிளையில் நனைந்துகொண்டு நின்றாள். ஒரு நாழிகையில் ஓடுகள் உடைந்தன. குஞ்சுகள் தலையைத் தூக்கிக் கண்ட முதல் முகம் காக்கையின் முகம். அந்த முகத்தைப் பார்த்துத்தான் வாயைத் திறந்தன.

குஞ்சுகள் பிழைத்ததே என்று பூங்காவனத்துக்கு நிம்மதி. ஆனாலும் அழுதாள். மழையில் யாருக்கும் தெரியாது என்று நன்றாகவே அழுதாள்.

மழை விட்டதும் அவள் தரையில் இறங்கி ஒரு குச்சியை எடுத்துவந்து வாகை மரத்துக் கவட்டையில் வைத்தாள். விழுந்தது. இறங்கி எடுத்துவந்து மறுபடி வைத்தாள். மறுபடியும் விழுந்தது. மருதாயி குஞ்சுகளுக்கு இரை கொடுத்துக்கொண்டே அதைப் பார்த்தாள். நான்காம் நாள் மாலையில் ஒரு குச்சி விழாமல் நின்றது. ஒரே ஒரு குச்சி. அதைப் பார்த்துக்கொண்டு பூங்காவனம் வெகுநேரம் நின்றாள்.

பிறகு இரண்டாவது குச்சியைக் கவ்விக்கொண்டு வந்தபோது, மைனா வந்து எதிரே உட்கார்ந்தது. கிளையில்லாக் கூட்டின் வருங்காலத் திசை பற்றி அவளுடைய மேலான கருத்து வேண்டுமாம்.

பூங்காவனத்தின் வாயில் குச்சி இருந்தது. அவள் அதைக் கீழே போடவில்லை.

மைனா சற்று நேரம் காத்திருந்தது. பிறகு, "ஆட்சேபணை இல்லை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு பறந்துபோனது.

நீதி: உன் வீட்டைத் தாங்கும் முடிச்சை உனக்குப் போடத் தெரியாதவரை, அந்த வீட்டின் வாசல் அடுத்தவர் கையில்தான் இருக்கும்.