கேட்காமல் எடுத்து வைத்தது

தீர்ப்புச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் கடைசிவரை பொறுத்துக் கேளுங்கள். அவசரப்பட்டால் பழியைத் தவறான தலையில் கட்டிவிடுவீர்கள்.

திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. தையல் பிரிவின் லைன் லீடர் செண்பகம். அவளுக்குக் கீழே வேலை பார்த்த ரூபாவதியிடம் தையல் மாஸ்டர் தர்மலிங்கம் சில்மிஷம் செய்யாத நாள் இல்லை.

"உங்கள மட்டும் நம்பித்தான்க்கா சொல்றேன். எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என் கதி அவ்வளவுதான்" என்று அழுதாள் ரூபா.

கம்பெனி விடுதியில் பெண்களுக்குக் கைபேசி கிடையாது. அதனால், லைன் லீடர்கள் தினசரி விவரம் அனுப்பும் பொதுக் கணினியில், அதிலிருந்த இணைய உலாவி மென்பொருள் வழியாகத்தான் செண்பகம் தன் சொந்த மின்னஞ்சலைத் திறந்தாள். அக்கம்பக்கம் பார்த்தாள். கணினிகளைக் கவனித்துக்கொள்ளும் ஸ்டீபன் மட்டும் அடுத்த மேஜையில் இருந்த தன் கணினியில், தினமும் செய்வதுபோல, அதே மென்பொருளில் தன் கடவுச்சொல்லைத் தட்டிக்கொண்டிருந்தான். இப்படிப்பட்ட பெண்களுக்காக வழக்காடும் ஒரு வக்கீலம்மாவுக்கு எல்லாவற்றையும் ரூபாவின் பெயரோடு எழுதினாள். முடித்ததும் மறக்காமல் வெளியேறினாள்.

அந்த மென்பொருளோ அவளை ஒரு வார்த்தை கேட்காமல் கடவுச்சொல்லைச் சேமித்துக்கொண்டது. மறுநாள் அங்கே உட்கார்ந்த தர்மலிங்கம் திரையில் தெரிந்த அவள் பெயரைத் தொட்டான்; அஞ்சல் பெட்டி திறந்துகொண்டது. வக்கீலம்மாவுக்கு எழுதியதை முழுக்கப் படித்தான்.

"உங்க பொண்ணு நடத்தை சரியில்லீங்க" என்று ரூபாவின் அப்பாவுக்குப் போன் போட்டான். அவர் வந்து மகளைத் தரதரவென்று இழுத்துப் போனார்.

"ஏன்க்கா சொன்னீங்க?" கம்பெனி வாசலில் நின்ற செண்பகத்திடம் ரூபா கேட்டது இவ்வளவுதான். அந்த மாதமே அவளை ஒருவனுக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

விசாரணை என்று பெயருக்கு ஒன்று நடந்தது. "பூட்டை நானொண்ணும் உடைக்கலீங்க. தொட்டேன், தொறந்துச்சு" என்றான் தர்மலிங்கம். மென்பொருள் நிறுவனம் 'வாடிக்கையாளர் வசதிக்காக' என்று பதில் எழுதியது. "அது இப்படிச் சேத்து வைக்கும்னு எனக்குத் தெரியாதுங்க" என்று ஸ்டீபன் கையை விரித்தான்.

தர்மலிங்கம் செய்தது அயோக்கியத்தனம், அதில் சந்தேகமில்லை. நான் கேட்பது வேறு. கேட்காமல் சேமித்த நிறுவனமா, பொதுக் கணினியை நம்பிய செண்பகமா, தெரியாது என்ற ஸ்டீபனா? ரூபாவின் அந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

விடை: ஸ்டீபன். கேட்காமல் எடுத்த நிறுவனமும் குற்றவாளிதான். ஆனால் அதற்கு ரூபா யாரென்றே தெரியாது. தானாகச் சேமிக்கும் மென்பொருள் ஸ்டீபனிடம் மட்டும் ஏன் தினமும் கடவுச்சொல் கேட்டது? அவன் தன் கணினியில் மட்டும் அந்தச் சேமிப்பைத் தெரிந்தே நிறுத்தி வைத்திருந்தான். பொதுக் கணினியிலும் நிறுத்த ஒரு நிமிடம் ஆகியிருக்காது. விசாரணையில் இதை யாரும் கேட்கவில்லை. செண்பகம்தான் சொல்லிவிட்டாள் என்று ரூபா இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.