மன்னர் காதில் விழுந்த பத்தியம்

பெயர்கூட யாருக்கும் நினைவில்லாத ஒரு நாட்டை, வெகுகாலத்துக்கு முன்னால், இளமாறன் என்ற மன்னர் ஆண்டுவந்தார். இளமை பெயரில் மட்டும்தான் மிச்சமிருந்தது. இடுப்புக் கச்சை எட்டவில்லை. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. உள்ளங்கால் எரிகிறது என்று ஓயாமல் விசிறச் சொல்வார். அரண்மனை மருத்துவர் மருதனார் சோதித்துப் பார்த்துவிட்டு, "இது நீரிழிவு, அரசே. இனிப்பையும் நெய்ச்சோற்றையும் குறைக்க வேண்டும். பல்லக்கை விட்டு இறங்கி நடக்கவும் வேண்டும்" என்றார்.

அப்போது மன்னர் கையில் அதிரசம் இருந்தது. அதனால் கோபம் இரட்டிப்பாக வந்தது. "இனி எனக்குப் பத்தியம் சொல்பவர் எவராயினும் இந்நாட்டில் இருக்கலாகாது" என்று சட்டம் போட்டார். மருதனார் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டிப் போய்விட்டார்.

இதில் மிகவும் வருந்தியவன் விகடகவி ஐயாறன். மன்னர் இளவரசராக இருந்தபோது, பகைவருக்குத் தப்பி எஞ்சிய வீரர்களோடு மலையில் ஒளிந்து திரிந்த காலம் ஒன்று உண்டு. அப்போது அவரை விட்டு அகலாதவர்கள் ஐயாறனும் மருதனாரும். பாறைக்குப் பாறை தாவிய அந்த இளவரசரை, இப்போது இரண்டு பேர் தாங்கிப் பிடித்து அரியணையில் அமர்த்தும்போதெல்லாம் ஐயாறன் பார்வையைத் திருப்பிக்கொள்வான். வாய் திறந்தால் எல்லை தாண்ட வேண்டும். என்ன செய்வது?

மகிழ்ந்தவர் ஒருவரும் இருந்தார். மடைப்பள்ளி அதிகாரி வில்லவராயர். புதுப்புது இனிப்பாகச் செய்து நீட்ட நீட்ட அவர் செல்வாக்கும் வளர்ந்தது. மன்னருக்கு நெருக்கமான ஐயாறன் மட்டும்தான் அவர் கண்ணில் விழுந்த தூசியாக உறுத்திக்கொண்டிருந்தான்.

ஒருநாள் மன்னர் தட்டைத் தள்ளிவிட்டார். "எதிலும் ருசியில்லை. மலையில் தின்றோமே கேழ்வரகுக் களி, அந்த ருசி வேண்டும்."

சமையற்காரர்கள் களியில் நெய்யை ஊற்றினார்கள், வெல்லம் போட்டார்கள், குங்குமப்பூ தூவினார்கள். மன்னர் ஒரு வாய் வைத்துத் துப்பினார். இதுதான் சமயம் என்று வில்லவராயர் எழுந்தார்.

"அரசே, மலையில் தங்களோடு இருந்த ஐயாறனே அதைப் படைக்கட்டும். அன்று இருந்தபடி இம்மியும் பிசகக் கூடாது. பிசகினால், மருதனார் போன வழியில் அவனும் போகட்டும்."

மன்னர் தலையசைத்தார். ஐயாறன் பணிவாக, "இம்மியும் பிசகக் கூடாது என்பதைத் தங்கள் திருவாயால் ஒருமுறை கேட்க விரும்புகிறேன்" என்றான்.

"இம்மியும் பிசகக் கூடாது. இது என் ஆணை."

"அப்படியே ஆகட்டும். அன்று மலையில் இருந்த வீரர்களில் தாமும் ஒருவர் என்று வில்லவராயர் அடிக்கடி சொல்வாரே. அவரும் வரட்டும்."

வில்லவராயர் அந்த மலைப்பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. சொன்ன பொய்யை விழுங்கவும் முடியவில்லை. "வருகிறேன்" என்றார்.

மலைக்குப் புறப்படக் குறித்த நாள் காலையில் ஐயாறன் பல்லக்கைத் திருப்பி அனுப்பினான். "அன்று பல்லக்கு இல்லை, அரசே." பலகாரத் தட்டும் திரும்பிப் போனது. "அன்று காலையில் பட்டினி." வில்லவராயர் சிரித்துக்கொண்டே நின்றார், அவர் தலையில் விறகுக்கட்டு ஏறும் வரை. "வீரர்கள்தானே விறகு சுமந்தீர்கள், ராயரே? மறந்திருக்க மாட்டீர்கள்."

மெல்ல மெல்ல நடந்தார்கள். மர நிழல் கண்ட இடமெல்லாம் உட்கார்ந்தார்கள். முதலில் முணுமுணுத்த மன்னர், மலை நெருங்க நெருங்கப் பேசத் தொடங்கினார்.

"ஐயாறா, அந்தப் பாறையிலிருந்துதானே நீ வழுக்கி விழுந்தாய்?"

"விழவில்லை, அரசே. தாங்கள் தள்ளிவிட்டீர்கள்."

மன்னர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று ஐயாறன் எண்ணிக்கொண்டான்.

அந்நாளில் தண்ணீர் குடித்த சுனையைக் கண்டதும் மன்னர் பழைய நினைப்பில் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு முள்ளும் கல்லும் பாராமல் இறங்கி நடந்தார். கல் கூட்டி அடுப்பு மூட்டினார்கள். மன்னரே களி கிண்டினார். கீரைக் கடைசலோடு ஒரு கவளம் வாயில் போட்டுக் கண்களை மூடினார்.

"நெருங்கிவிட்டது. ஆனாலும் ஏதோ குறைகிறது."

"குறை என்றால் பிசகுதானே, அரசே" என்றார் வில்லவராயர், வியர்வையைத் துடைத்தபடி.

"உண்மைதான்" என்றான் ஐயாறன். "அன்று முதல் கவளத்தை உருட்டித் தங்கள் கையில் வைத்தவர் இங்கே இல்லை. அவர் வந்தால் பழைய சட்டம் பிசகும். வராவிட்டால் புதிய ஆணை பிசகும். புதியதுதானே பழையதை வெல்லும்? வரச் சொல்லிவிட்டேன்."

பாறைக்குப் பின்னாலிருந்து மருதனார் வந்தார். இளைத்திருந்தார். மன்னர் சற்று நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.

நடந்து வந்தவரின் காலைக் கழுவிப் பார்ப்பது மருதனாரின் அந்நாளைய வழக்கம். இன்றும் அதையே செய்தார். கட்டைவிரலுக்கு அடியில் நீளமான முள் ஒன்று ஏறியிருந்தது. அதைச் சுற்றி ரத்தம் கசிந்திருந்தது.

"வலிக்கவில்லையா, அரசே?"

"எது?"

மருதனார் முள்ளைப் பிடுங்கிக் காட்டினார். ஒரு காலத்தில் முள் குத்தினால் மலையே கேட்கும்படி அலறியவர் இளமாறன். பகைவர் காதில் விழாமல் அவர் வாயைப் பொத்தியவன் ஐயாறன். இன்று அவன் கைக்கு வேலையே இல்லை. மன்னரின் முகத்தில், பகைப்படையைக் கண்டபோதும் இல்லாத பயம் இருந்தது.

"மருதா, நான் என்ன செய்ய வேண்டும்? சொல்."

"சொன்னால் எல்லை தாண்ட வேண்டும், அரசே. இன்னொரு முறை அவ்வளவு தூரம் நடக்க எனக்கு வலுவில்லை."

"சட்டம் சட்டம்தான்" என்றார் வில்லவராயர்.

ஐயாறன் மருத்துவர் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தான். "வைத்தியரே, எனக்குப் பத்தியம் சொல்லுங்கள். எனக்குச் சொல்லக் கூடாது என்று சட்டம் இல்லை. காது கொஞ்சம் மந்தம், உரக்கச் சொல்லுங்கள்."

மருதனார் புரிந்துகொண்டார். "ஐயாறா, இந்த நோயை நாடு கடத்த முடியாது. அடக்கி ஆளத்தான் முடியும். இனிப்பை விடு. கேழ்வரகு நல்லதுதான் என்று குண்டான் குண்டானாகத் தின்னாதே, அதற்கும் அளவு உண்டு. கீரையும் காயும் தட்டில் பாதி இருக்கட்டும். பயறு சேர்த்துக்கொள். தினமும் நட. செருப்பில்லாமல் மட்டும் நடக்காதே. படுக்குமுன் காலைக் கழுவி, ஈரம் துடைத்து, விரலிடுக்கு வரை பார். இனி உன் காலுக்கு வலி தெரியாது, கண்தான் காவல் இருக்க வேண்டும்."

எங்கோ பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்த மன்னர் ஒரு சொல்லையும் தவறவிடவில்லை. கடைசியில் அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டார். அங்கேயே சட்டத்தை நீக்கினார். மடைப்பள்ளி இனி மருதனார் சொற்படி நடக்கும் என்றார். "வில்லவராயரே, விறகு உமக்கு நன்றாகப் பொருந்துகிறது. இனி விறகுக் கொட்டிலைப் பார்த்துக்கொள்ளும்."

பிறகு தம் கழுத்து மணிமாலையைக் கழற்றி ஐயாறனுக்குச் சூட்டினார். சுனையைச் சுற்றியிருந்த நிலத்தையும் அவனுக்கே மானியமாக்கினார்.

"எல்லாம் சரி, ஐயாறா. மருதனார் இந்தப் பத்தியத்தை யாருக்குச் சொன்னார்?"

ஐயாறன் விழித்தான். "எனக்கு, அரசே."

"என் காதில் விழுந்தது, அவ்வளவுதான். நானே அதைக் கடைப்பிடிக்கும்போது, கேட்டு வாங்கிய நீ விடலாமா? நாளை விடியலில் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நில்."

ஐயாறன் பெருமூச்சு விட்டான். திரும்பும் வழியில் தின்பதற்காக மடியில் ஒளித்து வைத்திருந்த அதிரசப் பொட்டலத்தை எடுத்து மன்னர் முன்னால் வைத்தான். அதைக் கண்டதும் மன்னர், கண்ணில் நீர் வர, மருதனாரின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.